முகூர்த்தப் புடவையில் வெனிலா

என் மாமியாருக்கு என்னைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் தேடி நான் அலைய வேண்டியிருந்ததில்லை. தினம் ஒன்றாக அவரே சொல்லிவிடுவார். குழம்பில் உப்பு கூட, சிரிப்பில் சத்தம் கூட, தூக்கம் எல்லாவற்றையும் விடக் கூட. ஆனால் அவர் மனதார வெறுத்தது என் கழுத்திலிருந்து வந்த வாசனையைத்தான்.

அது வெனிலா வாசனை. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருந்தது. அங்கே ஹேர்பின் வாங்கப் போன இடத்தில், வளையல் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்த ஸ்ப்ரே டப்பாவைப் பார்த்தேன். கம்பெனிப் பெயர்கூட ஒழுங்காக அச்சாகியிருக்கவில்லை. மூடியைத் திறந்து ஒரு அழுத்து அழுத்தினால் பேக்கரிக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். விலையும் பெரிதில்லை. பூ வாங்க என்று கணவர் கொடுத்ததில் மிச்சம் பிடித்தே வாங்கிவிடலாம், அப்படித்தான் வாங்கினேன். தலையில் பூ வைக்காமல் கழுத்தில் சென்ட் அடித்துக்கொள்கிறாள் என்று என் மேல் முதல் புகார் பதிவானது அப்போதுதான்.

இரண்டாயிரமாவது வருடம் பிறந்த புதிது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. நான் செய்யாறில் வளர்ந்தவள், அப்பா கம்பெனி பஸ் ஓட்டினார், எங்கள் வீட்டில் தறியும் கிடையாது நூலும் கிடையாது. பெண் பார்க்க வந்தபோது பட்டு வியாபாரம் என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. அந்த வியாபாரத்தின் பின்கட்டில் அண்டாவில் என்ன வேகும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. கச்சாப் பட்டு நூலில் ஒரு பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால்தான் அது கழன்று நூல் பளபளப்பாகும், அப்புறம்தான் சாயம். கொதிக்கும்போது வருகிற வாடை இருக்கிறதே, புழு செத்துப் போய் மூன்றாம் நாள் வருகிற வாடை. தலையணையில், துண்டில், சாதம் வடிக்கிற தட்டில் எல்லாம் அதே வாடை. பிறந்ததிலிருந்து அதிலேயே கிடந்தவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. நான் முகத்தைச் சுளித்தால் மட்டும் உடனே தெரிந்துவிடும்.

காலையில் குளித்துவிட்டு வந்து கழுத்தில் இரண்டு, மணிக்கட்டில் ஒவ்வொன்று அடித்துக்கொள்வேன். அந்த வாசனை எனக்கு எதையும் ஞாபகப்படுத்தவில்லை. சின்ன வயதில் யாரோ கேக் வாங்கிக் கொடுத்தார்கள் என்கிற கதையெல்லாம் என்னிடம் இல்லை. முகர்ந்தால் மனசுக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வீட்டில் யாரையும் கேட்காமல் நான் எடுத்த ஒரே முடிவும் அதுதான். அதனால் அதை விடுவதாக இல்லை.

"இன்னாடி இது, வூட்டுக்குள்ள ஐஸ் வண்டி பூந்த மாதிரி கீது?" என்றார் மாமியார் முதல் நாள். இரண்டாம் நாள் சிரிப்பில்லை. "புடவைய தொடுற கையில இதெல்லாம் பூசிகினு நிப்பியா? பட்டு எல்லாத்தையும் இழுத்துக்கும். ஜரிகை கறுத்துப் பூடும்."

வியாபாரம் தெரிந்தவர் சொல்கிறார் என்று மணிக்கட்டில் அடிப்பதை அன்றே நிறுத்தினேன். கழுத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கழுத்தால் யாரும் புடவையைத் தொடுவதில்லையே என்றேன். வாய்க்கு வாய் பேசுகிறாள் என்று அதுவும் பட்டியலில் சேர்ந்தது.

என் வேலையைச் சொல்ல வேண்டும். மாமனார் ஊருக்குள் நாலைந்து தெருக்களில் நெசவாளர்களுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் கொடுத்துப் புடவை நெய்து வாங்குவார். தறியிலிருந்து இறங்கிய புடவை எங்கள் கூடத்துக்கு வரும். பிசிறைக் கிள்ளி, ஜரிகை உராயாமல் நடுவில் காகிதம் வைத்து மடித்துக் கொடுத்தால், அது கடைத்தெருவிலிருக்கிற பட்டுக் கடைக்குப் போகும். மடிப்பது ஒருத்தி செய்கிற வேலை இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இழுத்துச் சரிபார்த்து, நடந்து வந்து சேர்க்க வேண்டும். எனக்கு எதிரே நிற்க வேண்டியவர் என் மாமியார்.

ஒரு நாள் அவர் முனையைக் கீழே போட்டார். "உன் எதிர்க்க நின்னா எனக்குத் தலைய வலிக்குது. நீயே மடிச்சுக்க."

நானே மடித்துக்கொண்டேன். ஆறு கஜப் பட்டுப் புடவையை ஒருத்தி மடிக்க ஒரே வழிதான் இருக்கிறது. நடு மடிப்பை மோவாய்க்கடியில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் கீழே இழுத்துவிட வேண்டும். ஆடி மாதம் முழுக்க அந்த வீட்டின் அத்தனை புடவையையும் அப்படித்தான் மடித்தேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு கை கொடுக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் கடையிலிருந்து போன் வந்தது. சேத்துப்பட்டிலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவை எடுத்துப்போயிருக்கிறது. வீட்டில் சொந்தக்காரர்களுக்குக் காட்டப் பிரித்திருக்கிறார்கள். பெண்ணின் சித்தி கையில் வாங்கி, முகத்துக்கிட்டே கொண்டுபோய், "இது யாரோ கட்டின புடவை, சென்ட் வாசனை அடிக்குது" என்று சொல்லிவிட்டாள். கல்யாண வீட்டில் அந்தப் பேச்சு போதும். தாலி ஏறுகிற நேரத்தில் பெண் உடம்பில் இருக்க வேண்டியது இன்னொருத்தி உடம்பில் படாத புடவை. அதை ஒருத்தி ஏற்கெனவே கட்டிப் பார்த்திருந்தால் கல்யாணத்துக்கே ஆகாது என்பார்கள். அவர்கள் வண்டி பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மாமனார் போனை வைத்தார். மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் இத்தனை நாள் காத்திருந்தது கிடைத்த திருப்தி தெரிந்தது. நான் திட்டுக்குத் தயாரானேன். திட்டு வரவில்லை. மாமனார் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அந்த வீட்டில் என்னை யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை, அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"இங்க பாரும்மா," என்றார். "மடிக்கிறப்ப ஏறின வாசனைன்னு சொன்னா, கடைக்காரர் அத்தனை புடவையையும் மோந்து பாப்பார். சீசனுக்குக் குடுத்த சரக்கு மொத்தமும் திரும்பி வந்துடும். நீ ஆசப்பட்டு அந்த ஒண்ண மட்டும் ஒருதரம் கட்டிப் பாத்துட்டேன்னு சொல்லிட்டா, போறது ஒரு புடவைதான். புதுசா கல்யாணம் ஆன பொண்ணு, மனசு கேக்கலன்னு நெனச்சுப்பாங்க. ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் பூடுவாங்க."

"நான் கட்டலையே மாமா."

"கட்டலன்னு எனக்குத் தெரியாதா?"

இன்றைக்கும் அந்த வாக்கியம் என் காதில் விழும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது. சந்தேகப்பட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே என் பெயரைக் கேட்டார்கள். பீரோ சாவியை எடுத்துத் தரச் சொல்வது போலக் கேட்டார்கள். இன்னொரு பெண்ணின் கல்யாணப் புடவையைத் திருட்டுத்தனமாகக் கட்டிப் பார்த்தவள் என்று ஆரணியில் ஒரு தடவை பெயர் வாங்கினால், அது சாகிற வரைக்கும் கூட வரும். கணவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வார்த்தைதானே, சொல்லிடேன். இன்னாத்துக்கு பேஜார்?" என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன். தலை வாரினேன், பொட்டு வைத்தேன், கழுத்தில் வெனிலா அடித்துக்கொண்டேன். கோபத்தில் வழக்கத்தைவிட நாலு அழுத்து அதிகமாகவே அடித்தேன். ஆட்டோவில் மாமனார் முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார்.

கடையில் வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் பெண்ணின் அம்மாவும் அந்தச் சித்தியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட புடவை. மடித்தபோது எனக்குப் பிடித்திருந்த புடவைதான் அது. மாமனார் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "எங்க மருமவ, சின்னப் பொண்ணுங்க, தெரியாம..."

"நான் கட்டலைங்க," என்றேன்.

மாமனார் என் முழங்கையைப் பிடித்தார். உதறிவிட்டேன். கிடந்த புடவைகளில் ஒன்றை எடுத்துப் பிரித்து, மோவாயில் இடுக்கி, கையை இறக்கி மடித்துக் காட்டினேன். "இப்படித்தான் மடிக்கிறேன். எதிர்ல நின்னு புடிக்க எங்க வூட்ல ஆள் வர்றதில்ல. கழுத்துல சென்ட் போடுறேன். அதான் ஏறியிருக்குது. வந்து மோந்து பாருங்க."

பெண்ணின் அம்மா உண்மையிலேயே எழுந்து வந்தார். என் கழுத்தை முகர்ந்தார், போய்ப் புடவையை முகர்ந்தார், மறுபடியும் வந்தார். அப்புறம் புடவையை முழுக்கப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். "கொசுவம் வெச்ச தடம் எங்கயும் இல்ல. வாசனையும் ஒரே எடத்துலதான் கீது," என்று தங்கையிடம் சொன்னார். என்னிடம், "கட்டலம்மா நீ. ஆனா எனக்கு இது வேணாம்," என்றார். வேறு ஒரு வியாபாரி கொடுத்த புடவையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஊரில் என்னை நம்பிய முதல் ஆள் யாரென்று தெரியாத ஒரு சேத்துப்பட்டு அம்மாள்.

அவர்கள் படியிறங்கியதும் கடைக்காரர் அலமாரியைத் திறந்தார். மாமனார் சொன்னது சரிதான். ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்தார், ஒவ்வொன்றாகத் தனியே வைத்தார். மாலைக்குள் எங்கள் சரக்கு முழுக்க எங்கள் கூடத்துக்கே திரும்பி வந்துவிட்டது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் எனக்கு நடந்ததை விவரமாக எழுதினால் இந்தப் பேனாவே கெட்டுப்போகும். மாமனார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். மடிக்கிற வேலைக்குக் கூலிக்கு ஒரு பெண்ணை வைத்தார்கள். அவளுக்கு எதிரே மாமியார் சிரித்துக்கொண்டே நின்று முனையைப் பிடித்தார். திரும்பி வந்த புடவைகளை மாடியறையில் கொடி கட்டித் தொங்கவிட்டு, ஃபேனைச் சுழலவிட்டார்கள். பட்டு விடவில்லை. மாடிப்படி ஏறினாலே வெனிலா அடித்தது. அந்த வீட்டில் பட்டு வெந்த வாடை அடங்கிக் கிடந்த ஒரே மாதம் அதுதான். நான் வேண்டுமென்றே துணி காயப்போடும் சாக்கில் மாடிக்குப் போய் நின்றுவிட்டு வருவேன்.

கடைசியில் வாசனை ஓரளவு தணிந்ததும் அவற்றை வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சரக்கெல்லாம் வாசனை அடிக்கிறது என்கிற பேச்சு கிளம்பினால் அவர்களும் வாங்க மாட்டார்கள். கடைக்காரரை எப்படியோ கெஞ்சி வாயை மூடவைத்தார்கள். ஆனால் சொந்தக்காரர்கள் கேட்பார்களே, ஏன் கடையில் தகராறு என்று. அவர்களுக்கு மாமியார் ஒரு காரணம் வைத்திருந்தார். "இன்னா பண்றது, எம் மருமவ ஒரு முகூர்த்தப் புடவைய கட்டிப் பாத்துட்டா." நான் சொல்ல மறுத்த பொய்யை அவரே எனக்காகச் சொல்லிவிட்டார். சரக்கும் விற்றது, என் பெயரும் போனது. விசேஷ வீடுகளில் நான் உள்ளே போனால் பெண்கள் மணப்பெண்ணின் புடவைத் தட்டை நகர்த்தி வைப்பார்கள். ஒருத்தி என் கண்ணெதிரேயே அதன் மேல் துண்டைப் போட்டு மூடினாள்.

இப்படி ஐந்தாறு வருடம். ஸ்ப்ரேயை நான் விடவில்லை. அந்த ஃபேன்சி ஸ்டோரில் டப்பா மாறியது, மூடி மாறியது, வாசனை மட்டும் கிட்டத்தட்ட அதேதான். சில நாட்கள் எனக்கே திகட்டும். அப்போதும் அடித்துக்கொள்வேன்.

கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாணம். மாமியாரின் தூரத்துச் சொந்தம், முகூர்த்தப் புடவை எங்கள் வீட்டில் எடுத்தது. பந்தியில் மாமியார் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பக்கத்தில் மணப்பெண்ணின் அத்தை. அந்த அம்மாள் சோற்றைப் பிசைந்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானே அந்தப் பொண்ணு? யார் வூட்டு முகூர்த்தப் புடவையையோ கட்டிப் பாத்தியாமே?"

சுற்றி நாலு பேர் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். இல்லை என்று இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துப்போயிருந்தது. அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியதோ, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ஆமாங்க. அது மட்டும் இல்ல, எங்க வூட்லேர்ந்து போற முகூர்த்தப் புடவை எல்லாத்தையும் ஒருதரம் நான் கட்டிப் பாத்துட்டுதான் அனுப்புவேன். தோ, மேடையில உங்க வூட்டுப் பொண்ணு கட்டிகினு கீதே, அதையும்தான்."

அத்தைக்காரி கையிலிருந்த அப்பளத்தை இலையில் போட்டார். எதிர் வரிசையில் மாமியார் பாதி இலையில் எழுந்துவிட்டார். கையெல்லாம் சாம்பார்.

"ஐயையோ, நம்பாதீங்க! அவ கட்டலைங்க! எந்தப் புடவையும் கட்டல! அன்னிக்கும் கட்டல, இன்னிக்கும் கட்டல, சாமி சத்தியமா!"

"பின்ன நீங்கதானே அக்கா அப்ப சொன்னீங்க?" என்றார் அத்தைக்காரி.

"அது நான் சும்மா சொன்னேன்," என்றார் என் மாமியார். பந்தியில் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாயச வாளியோடு ஒருவர் என் இலைக்கு முன்னால் நின்றுவிட்டிருந்தார். இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.