விருத்தாம்பாள் அக்காவின் தெற்குச் சுவர்

"இந்தச் சுவர் எந்தக் காலத்துது?" என்று கேட்டார் கணக்கெடுக்க வந்த அதிகாரி. ப்ளஸ் டூ முடித்தவள் என்பதால் என்னைப் பார்த்துக் கேட்டார். பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் அக்கா முந்திக்கொண்டார். அவர் வீட்டுச் சுவர்தான் அது.

"ராஜா காலத்துதுங்க. செங்கல்ல பாருங்க, எம்மாம் பெருசு."

எதிர்வீட்டு ஆல்பர்ட் சும்மா இருக்கவில்லை. "அப்ப ராஜா உங்கூட்லதான் குடியிருந்தாராக்கா?"

"ஆமா. உங்கூட்டு எடத்துலதான் குதிரைய கட்டி வச்சிருந்தாரு."

அதிகாரியும் சிரித்தார். ஆனால் எழுதிக்கொண்டார்.

மரக்காணத்தில் பழைய கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. ஒரு காலத்தில் கப்பல் வந்த ஊர் என்பார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் பட்டா இல்லை. தொல்லியல் துறைக்காரர்கள் வந்தது பழமையான இடங்களைக் கணக்கெடுக்க. நாங்களோ பட்டா கொடுக்கத்தான் வந்திருக்கிறார்கள், பழைய வீட்டுக்குத்தான் முதலில் கிடைக்கும் என்று நம்பிவிட்டோம். ஆளாளுக்கு வீட்டின் வயதைக் கூட்டிச் சொன்னார்கள்.

அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உப்பளத்தில் வேலை செய்கிறவர். பாத்தியில் நின்று நின்று பாதம் வெடித்து, செருப்புப் போட முடியாது. கணவர் மாயவன் மாமா உப்பு மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்தவர், இன்னும் எழவில்லை. மழை பிடித்தால் உப்பு இல்லை, கூலியும் இல்லை. இருப்பது அந்த ஒரே அறைதான்.

போன மழையில் அதன் தெற்குச் சுவர் உள்பக்கம் சாய்ந்துவிட்டது. இடித்துக் கட்டலாமென்று சுரேஷ் கொத்தனாரைக் கூட்டிவந்தார் அக்கா. முதல் கல்லை எடுப்பதற்குள் துறை ஆட்கள் வந்து தடுத்துவிட்டார்கள். பழமையான சுவர், தொடக் கூடாதாம்.

நானும் அக்காவும் பஸ் ஏறி அவர்கள் ஆபீசுக்குப் போனோம்.

"பழசுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க?" என்றார் அங்கே இருந்தவர்.

"பட்டா குடுக்க வந்தீங்கன்னு நெனச்சு சொல்லிட்டேன் சார். எங்க மாமனாரு கட்டுன சுவரு அது. உப்பளத்துல கால்வா வெட்டும்போது கெடச்ச கல்லு. மாட்டு வண்டில ஏத்தியாந்தாரு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பழைய கல்ல எடுத்தாந்து வீடு கட்டியிருக்கீங்களா? அது இதவிடப் பெரிய கேஸும்மா. பேசாம வீட்டுக்குப் போங்க."



இப்போது சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. இரண்டு பனங்கட்டைகளை முட்டுக் கொடுத்திருக்கிறோம். கட்டிலை எங்கே இழுத்துப் போட்டாலும், சுவர் விழுந்தால் கூரையும் சேர்ந்து மாமா மேல்தான் வரும். பொம்மையார்பாளையத்தில் இருக்கும் அவர்கள் மகள் வீட்டிலோ அங்குள்ள நான்கு பேர் படுக்கவே இடமில்லை.

"என்ன உட்டுட்டு நீ வெளிய போய் படு" என்கிறார் மாமா.

"யோவ், சும்மா கெட" என்று அக்கா அவர் பக்கத்திலேயே பாயை விரிக்கிறார்.

இதை எழுதட்டுமா, கேஸ் போட்டாலும் போடுவார்கள் என்று அக்காவிடம் கேட்டேன்.

"போடட்டும். ஜெயில்ல கூர ஒழுவாது இல்ல? நீ எழுது பொன்னி."

கடல் பக்கம் மேகம் கட்டிவிட்டது. அந்தச் சுவரை இடிக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடிய யாரையும் எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், இல்லையென்றால் உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம். கல்தான் பழசு, சுவர் பழசு இல்லை, உள்ளே எழ முடியாத ஒருவர் படுத்திருக்கிறார் என்று அவர்களிடம் சொல்லுங்கள். மழைக்கு முன்னால் சொல்லுங்கள்.