பாய் கடை அண்ணாச்சி

ஈரச் சாக்கும் மிளகாய் வற்றலும் சவுக்காரமும் கலந்த ஒரு வாசனை, திருவொற்றியூரில் எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்கு. பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அது 'பாய் கடை', அவ்வளவுதான். நானோ வாய் திறக்காத பெண். பெரியவர்களின் இடுப்புகளுக்கு நடுவே நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா வோணும், பருப்பா, புளியா?" என்று பாய்தான் ஒவ்வொன்றாகக் கேட்பார், சரியானது வரும்போது தலையை ஆட்டுவேன்.

பாய் கடையை விற்றுவிட்டு மகனோடு இருக்கப் போனார். வாங்கியவர் தெற்கத்தி அண்ணாச்சி, நெற்றி நிறைய விபூதி. சத்தம் போட்டுக் கேட்பவர்கள்தான் அவர் கண்ணில் பட்டார்கள். ஒரு நாள் காலை டீத்தூள் வாங்கப் போய், நின்று நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டில் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"வாயில இன்னா, கொயுக்கட்டயா வச்சிகினு கீற? டீத்தூள் இல்லாம வந்தியானா உன் நைனா வெறும் வயித்தோடதான் ஹார்பருக்குப் போணும்" என்று அம்மா திரும்ப விரட்டினாள்.

பகலெல்லாம் மூட்டை தூக்குகிறவர் அப்பா. எனக்கு அழுகை முட்டியது. கடைக்கு ஓடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பாய், டீத்தூள்" என்று கத்திவிட்டேன்.

கடையே சிரித்தது. அண்ணாச்சி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, "ஏ புள்ள, இதப் பாத்தா ஒனக்குப் பாய் மாதிரியா தெரியுது?" என்றார்.

பக்கத்தில் நின்ற மீன்காரம்மா, "கடை பாய் கடைன்னா நீயும் பாய்தான். கொயந்தைக்குக் குடு அண்ணாச்சி" என்றாள்.

கொடுத்தார். அப்பா டீ குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். அதற்கப்புறம் தெருவே அவரைப் பாய் என்று கூப்பிட ஆரம்பித்தது; அவரும் விபூதி நெற்றியோடு திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

அந்தப் 'பாய்' ராயபுரத்தில் ஒன்று, எண்ணூரில் ஒன்று என்று கிளைகள் திறந்தார். அவர் பிள்ளைகள் காலத்தில் கண்ணாடிக் கதவும் ஏசியும் வந்தன. பிறகு எல்லாக் கடைகளையும் மொத்தமாக ஒரு வெளியூர் கம்பெனி வாங்கியது. அந்தக் கம்பெனியையே இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டதாக என் மகள் சொல்கிறாள். யார் முதலாளி என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்கே தெரியவில்லை.

இப்போது அந்தக் கடையில் வேண்டியதை நானே கூடையில் எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். யாரையும் கூப்பிட வேண்டாம், எதையும் கேட்க வேண்டாம். சின்ன வயதில் சாமியிடம் கேட்டிருந்தால் இப்படி ஒரு கடையைத்தான் கேட்டிருப்பேன். பில் போடுகிற பெண் மட்டும் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி, "பை வேணுமா?" என்கிறாள். கையில் இருக்கும் பையைக் காட்டினாலே போதும். ஆனாலும், "வேணாம்மா, கீது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.