வோல்டேஜ் பிரமாதம், தண்ணீர்தான் வரவில்லை

போன வாரம் ஆபீஸ் மீட்டிங்கில் நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து வீட்டு ட்யூப்லைட் கண் சிமிட்டியது. ஃபேன் சோர்ந்தது. மோடம் அணைந்தது. பெங்களூரில் இருந்தவர்களுக்கு என் முகம் பாதிக் கொட்டாவியில் உறைந்து நின்றதாம்.

இண்டூர் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டர் சிப் வடிவமைக்கிறவனுக்கு இது பழகின கதை. விவசாயத்துக்கான த்ரீ பேஸ் கரன்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். கரன்ட் வந்ததும் தானாக ஓடும்படி கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் இருவர் என்றால் சரி... சுற்றியுள்ள காட்டுக்காரர்கள் அத்தனை பேரும்! எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால் வோல்டேஜ் என்ன ஆகும்?

பக்கத்துக் காட்டு முனியப்பனிடம் கேட்டேன். "கொஞ்சம் கழிச்சு ஓடற மாதிரி டைமர் வெக்கலாமில்லைங்களா?"

"மொதல்ல மத்தவங்கள வெக்கச் சொல்லுங்க. உங்க வூட்டு ஃபேனுக்காக என் தக்காளி காயணுங்களா?"

ஊர் முழுக்க இதே பதில்தான்.

சிப்புக்குள்ளும் இதே கூத்து. நகத்தளவு இடத்தில் கோடிக்கணக்கான குட்டி சர்க்யூட்டுகள். ஒரு மூலையில் நிறைய சர்க்யூட்டுகள் ஒரே நேரத்தில் வேலையில் இறங்கினால் அங்கே மின்சாரம் தள்ளாடும். பவர் நாய்ஸ் என்போம். தள்ளாடினால் கணக்கு தப்பும். செய்து முடித்த சிப்பைத் திறந்து ரிப்பேர் பார்க்க முடியாது. அதனால் வரைபடமாக இருக்கும்போதே தேடிப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

எங்கள் டீமில் அதைச் செய்கிறவள் கலைவாணி. என்னைப் போல அவளும் ஊரில் இருந்தே வேலை பார்க்கிறாள், பாப்பிரெட்டிப்பட்டியில். நெரிசலான இடத்தைக் கண்டால் சில சர்க்யூட்டுகளைத் தள்ளி வைப்பாள், சிலவற்றுக்குக் கூடுதலாக பவர் லைன் இழுப்பாள். பொறுமையான வேலை. வாரக்கணக்கில் பிடிக்கும்.

அதுதான் எங்கள் மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நாள் முன்பு ஒரு சாஃப்ட்வேர் டூல் வாங்கினார். பட்டனைத் தட்டினால் நாய்ஸை அதுவே ரிப்பேர் செய்துவிடுமாம். வாங்கின கையோடு அறிவிப்பு வேறு: "இனிமே இதுக்குக் கலை தேவையில்ல. பெஞ்சுக்கு அனுப்பிடலாம்."

பெஞ்ச் என்றால் தெரியுமில்லையா? வேலை இருக்கும், செய்ய எதுவும் இருக்காது. கொஞ்ச நாளில் வேலையும் இருக்காது.

டூல் ஓடியது. ரிப்போர்ட்டில் ஒரு குறைகூட இல்லை. மேனேஜர் அதைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். "பாத்தீங்களா கைஸ்?"

பார்த்தோம். மறுநாள் கம்ப்யூட்டரிலேயே வேகத்தைச் சோதித்தால்... சிப் தவழ்ந்தது.

அந்த மேதாவி டூல் என்ன செய்திருந்தது தெரியுமா? அதிக மின்சாரம் இழுக்கிற சர்க்யூட்டுகளை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் நோஞ்சான்களை உட்கார வைத்திருந்தது! முனியப்பனின் பெரிய மோட்டாரைக் கழற்றிவிட்டு மீன் தொட்டி மோட்டார் மாட்டின மாதிரி. வோல்டேஜ் பிரமாதம். தண்ணீர்தான் வரவில்லை.

மேனேஜரிடம் சொன்னேன். "நாய்ஸ் ஜீரோ. டூல் தன் வேலைய முடிச்சிடுச்சு. ஸ்பீடு வேற டீமோட பிரச்சினை" என்றார். முனியப்பன் காட்டிலாவது தக்காளி விளைகிறது. இவரால் என்ன விளைந்தது?

மேலிடத்தில் இருந்து திட்டு விழுந்த பிறகுதான் மேனேஜருக்குக் கலைவாணியின் ஞாபகம் வந்தது. அவள் நோஞ்சான்களைத் தூக்கிவிட்டுப் பழையவற்றைக் கொண்டுவந்தாள். நெரிசலைப் பிரித்தாள். நாய்ஸும் அடங்கியது, வேகமும் வந்தது.

"அது பண்ணி வெச்சத அழிக்கறதுக்கே பாதி நேரம் போயிருச்சுங்கண்ணா" என்றாள் என்னிடம்.

பின்னாலேயே மேனேஜரின் மெயில். ஆட்டோமேட்டிக் ரிப்பேருக்கு மாபெரும் வெற்றியாம்! முதல் வரியில் டூலின் பெயர். கடைசி வரியில் கலைவாணி — 'டூலுக்கு உதவியவர்'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தோடு விட்டாரா? இந்த வார மீட்டிங்கில் தேனாய்க் குழைந்தார். "கலை, நீங்க கையால என்னென்ன பண்ணீங்கன்னு டூல் டீமுக்குச் சொல்லிக் குடுத்துடுங்க. அடுத்த வெர்ஷன்ல அதுவே கத்துக்கும்."

"சொல்லிக் குடுக்கறேங்க சார். அது கத்துக்கிட்டப்புறம் நான் எங்கிங்க போறது?"



"ஹலோ... ஹலோ... கலை, உங்க வாய்ஸ் கட்டாகுது. உங்க ஊர்ல கரன்ட் பிரச்சினைன்னு நினைக்கிறேன்" என்று மீட்டிங்கை முடித்துக்கொண்டார் மேனேஜர்.

இண்டூரில், லோ வோல்டேஜில் உட்கார்ந்திருந்த எனக்கே அவள் குரல் கணீரென்று கேட்டது!