கோட்டைக் கதவைத் திறந்தவன்

செஞ்சி பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வண்டிக்காக நான் காத்திருந்த மாலைகளில், முதலில் பாட்டுக்கார அக்காவின் குரல்தான் வரும். அதன் பிறகுதான் சக்கரம் வைத்த ஸ்பீக்கரை இழுத்தபடி அவரும், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் டோலக்குடன் நடக்கும் பார்வையற்ற அவருடைய கணவரும் கண்ணில் படுவார்கள். அக்கா சினிமாப் பாட்டு பாடுவதில்லை. ராஜகிரி மலை உச்சிக்குத் தண்ணீர் எப்படிப் போனது, களஞ்சியத்தில் நெல்லை எங்கிருந்து கொட்டினார்கள், குதிரைகள் எந்த வாசல் வழியாக வந்தன என்று கோட்டையைத்தான் பாடுவார். எல்லாம் அவரே கட்டிய பாட்டு. அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டம், வந்து நிற்கும் பஸ்ஸைக்கூட விட்டுவிட்டுக் கேட்கும்.

அரசுப் பள்ளிக்கு வரலாற்று ஆசிரியையாக வந்து எனக்கு அது இரண்டாம் வருடம். கோட்டையைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்தவர் ஊரில் இல்லை என்ற நினைப்பும் இருந்தது. ஒருநாள் டீக்கடையில் அக்கா கேட்டார்: "இவ்ளோ பெரிய கோட்டைய எதிரி எப்டி டீச்சர் புடிச்சான்?"

பழைய முற்றுகை ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன். அவர் வாய் பிளந்து கேட்கக் கேட்க எனக்கும் சுவை கூடிவிட்டது. "வாசலில் காவல் இருந்தவனே உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டான்" என்று முடித்தேன். எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் படித்ததில்லை. அப்படி நடந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம் மட்டுமே. போதாததற்கு, அந்தக் காவல்காரரின் வம்சம் மலைக்குப் பின்னால் எந்தக் கிராமத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லி வைத்தேன்.

அடுத்த வாரம் அது பாட்டில் வந்தது. யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். அந்தக் கிராமத்தில் அப்போது கோயில் திருவிழா. கோட்டைக் காவல்காரர் வம்சம் என்று பெயர் பெற்ற வீட்டுக்குத்தான் அங்கே முதல் மரியாதை. காட்டிக்கொடுத்தவன் வீட்டுக்கா பரிவட்டம் என்று யாரோ வீடியோவைக் காட்டிக் கேட்க, சன்னதியிலேயே கைகலப்பு ஆகிவிட்டது. மறுநாள் அந்த வீட்டு இளைஞர்கள் நான்கு பேர் பேருந்து நிலையத்துக்கு வந்து ஸ்பீக்கரைத் தூக்கிப் போனார்கள். இந்தக் கதையைச் சொன்னது யார் என்று கேட்டதற்கு அக்கா வாயே திறக்கவில்லையாம். சொல்லும் வரை செஞ்சியில் பாடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆசிரியர் அறையில் இதைக் கேட்டபோது என் கையில் சாப்பாட்டு டப்பா இருந்தது. மூடி வைத்துவிட்டேன். மூன்று நாட்கள் பேருந்து நிலையத்துக்குப் போகாமல் அடுத்த நிறுத்தம் வரை நடந்து பஸ் ஏறினேன். நான்காம் நாள் மழை. நடக்க முடியாமல் நிலையத்திலேயே ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். வெளியே, எதிர் பெஞ்சில் இருவரும் இருந்தார்கள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணவரின் விரல்கள் டோலக்கின் மேல் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. பஸ் நகரத் தொடங்கியபோது நான் இறங்கிவிட்டேன்.

"என் பேரை ஏங்க்கா சொல்லல?"

"உங்க வேலைக்கு எதனா ஆச்சின்னா? எனக்கு இன்னா, ஸ்பீக்கர் தானே போச்சு."

"நான் 'திறந்திருக்கலாம்'னுதானே சொன்னேன்?" என்றேன் மெதுவாக. இத்தனைக்குப் பிறகும் எனக்கு அந்த ஒரு சொல் தேவைப்பட்டது.

"இல்ல டீச்சர்" என்றார் அக்கா, கோபமே இல்லாமல். "தொறந்துட்டான்னுதான் சொன்னீங்க."

மூவரும் ஆட்டோ பிடித்து அந்தக் கிராமத்துக்குப் போனோம். வீட்டுப் பெரியவர் கூடத்தில் விதைக்காக வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் அந்த இளைஞர்கள் நின்றார்கள். பாட்டு அக்காவுடையது, பொய் என்னுடையது என்றேன்.

பெரியவர் கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப கதவ யாருதான் தொறந்தது?"

"தெரியாதுங்க ஐயா."

"எங்க ஆளு தொறக்கலன்னாவது தெரியுமா?"

ஆம் என்று சொல்லிவிட்டால் அங்கேயே எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. "அதுவும் தெரியாதுங்க" என்றேன்.

ஓர் இளைஞன் முன்னால் பாய்ந்தான். "உக்கார்றா" என்றார் பெரியவர். பிறகு என்னைப் பார்த்தார். "எங்களுக்கும் தெரியாதும்மா. எங்க நைனாவும் சொன்னதில்ல, அவரு நைனாவும் சொன்னதில்ல. ஆனா நீ இத இங்க சொன்னா பத்தாது. பாட்டு கேட்ட எடத்துல வந்து சொல்லு."

மறுநாள் மாலை ஸ்பீக்கர் திரும்பி வந்தது. பெரியவரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மைக்கை வாங்கி என் பெயரையும் பள்ளியையும் சொல்லி, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னது நான்தான் என்றேன். மேலே சொல்ல வார்த்தை தேடி நின்றபோது, யாரும் கேட்காமலே அக்காவின் கணவர் டோலக்கில் ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த வாக்கியத்துக்கும் ஒன்று. கூட்டம் சிரித்துவிட்டது. பெரியவரும் சிரித்தார். "நீ பாடும்மா" என்றார் அக்காவிடம். "தெரியாதுன்னே பாடு."

அவர் பாடத் தொடங்கியதும் எனக்கு அப்படி ஒரு பசி. சுடச்சுட நான்கு போண்டா தின்றேன். இரண்டு பஸ் போயிற்று.

இப்போது நான் வேறு ஊரில் வேலை செய்கிறேன். வகுப்பில் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. போன மாதம் பழைய சக ஆசிரியை ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அதே பேருந்து நிலையம், கொஞ்சம் நரைத்த அக்கா. கோட்டைக் கதவு வரைக்கும் பாடி வந்து, ஒரு கணம் நிறுத்தி, குறும்பாகக் கேமராவைப் பார்த்துப் பாடுகிறார்:

"தொறந்தவன் பேரு யாருக்கும் தெரியாது,
தொறந்தான்னு சொன்னவங்க பேரு எனக்குத் தெரியும்,
நான் சொல்லமாட்டேன்!"