சுக்ராவின் மனு ஜெனிவா போய் வந்த கதை

ஜூஜுவாடிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் இருபது வருஷமாகச் சட்டையில் பிசிறு தேடுகிறவள் சுக்ரா. அந்தக் கண்ணுக்கு அதிகாரிகள் மட்டும் தப்புவார்களா? அவள் தலை தெரிந்தாலே தாலுகா ஆபீஸில் பாதிப் பேருக்கு டீ குடிக்கும் நேரம் வந்துவிடும்.

அவள் கேட்டது ஒரு பாதை. முஸ்லிம்களை அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் போகும் தடத்தை மறித்து ஒரு தொழிற்சாலை சுற்றுச்சுவர் எழுப்பிவிட்டது. அதன்பிறகு ஊரில் எந்த முஸ்லிம் செத்தாலும் ஜனாஸாவை வண்டியில் ஏற்றி, ஹைவேயில் கர்நாடகாவுக்குள் போய், அத்திப்பள்ளியில் திரும்பிப் பின்பக்கமாக வரவேண்டும். உயிரோடு இருந்தவரை மாநிலம் தாண்டாதவனும் செத்தபின் தாண்டினான்.

அவள் புருஷன் உஸ்மான் லாரி ஓட்டியவன். இரண்டு கிட்னியும் கெட்டுப் படுத்துவிட்டான். அதற்கு முன் அவன் அண்ணனின் ஜனாஸாவைச் செக்போஸ்ட்டில் போலீஸ் நிறுத்தி, பாடிக்குப் பேப்பர் எங்கே என்று கேட்டபோது கூடவே இருந்தவன்.

"வாழ்நாள் பூரா செக்போஸ்ட்ல நின்னாச்சு சுக்ரா. செத்தப்புறமும் நிக்க வெச்சிராத," என்றான்.

பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. அந்தப் பாதை சுக்ராவுக்கு ஒரே ஒரு தடவைதான் வேண்டும், அதுவும் நாலு பேர் தூக்கிப்போகும்போது. ஆனாலும் ஆறு வருஷம் அலைந்தவள் அவள்தான். தமிழ்நாட்டு ஆபீஸ், அந்தத் தடம் எல்லைக்கு அந்தப்பக்கம் என்றது. கர்நாடக ஆபீஸ், இந்தப்பக்கம் என்றது. சுவர் கட்டியவனுக்கு மட்டும் இரண்டு பக்கமும் அனுமதி கிடைத்திருந்தது.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து மனித உரிமை அமைப்பு நடத்தும் வினோதா மேடம் வந்தார். சிறுபான்மையினர் உரிமையைக் கவனிக்கவே ஐ.நா.வில் ஒரு சிறப்பு அறிக்கையாளர் இருக்கிறாராம், ஜெனிவாவுக்கு எழுதினால் போதுமாம். சுக்ராவின் ஒரு பக்க மனு இங்கிலீஷில் நாற்பது பக்கமாக வீங்கியது. நம்ம சுவர் எங்கே வருது என்று அவள் கேட்டாள். முப்பத்தோராம் பக்கம் என்றார் மேடம்.

ஜெனிவாவைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். பாவம், மதித்து டில்லியைக் கேட்டது. டில்லி சென்னையைக் கேட்டது, சென்னை கிருஷ்ணகிரியைக் கேட்டது. கடைசியில் கடுதாசி வந்து விழுந்தது வி.ஏ.ஓ. முனிவேல் மேஜையில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! ஆறு வருஷமாக அவளை விரட்டியடித்த மனுஷன், "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்தார். மாற்றுப்பாதை உள்ளது, குறை ஏதுமில்லை என்று தயாராக எழுதிக் கொண்டுவந்திருந்தார். அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சுக்ரா போடவில்லை.

கையெழுத்தில்லாத பதிலை உலகத்துக்கு அனுப்ப மேலே யாருக்கும் துணிச்சல் இல்லை. ஒரு போன் போனது, சுவர் கட்டிய கம்பெனி அதில் ஒரு கேட் வைத்தது. வேலை நாளில் பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை திறக்கும், சாவி மேனேஜரிடம் இருக்கும் என்று போர்டும் மாட்டியது. சாவுக்கும் ஷிப்ட் போட்ட புண்ணியவான்கள்.

உஸ்மான் சனிக்கிழமை சாயங்காலம் செத்தான்.

ஞாயிறு காலை ஜனாஸா பூட்டிய கேட் முன்னால் நின்றது. புருஷன் செத்தால் நாலு மாசம் பத்து நாள் இத்தாவில் வீட்டுக்குள் உட்கார வேண்டிய சுக்ரா, யார் சொல்லையும் கேட்காமல் பின்னாலேயே வந்துவிட்டாள். வண்டியைக் கூப்பிடலாம் என்றார்கள். இங்கேயே இறக்குங்கள் என்றாள்.

கேட்டில் செக்யூரிட்டி திம்மராயன். கம்பெனி வருவதற்கு முன் அதே நிலத்தில் கூலிக்கு ராகி அறுத்தவன். மேனேஜருக்கு நாலு தடவை போன் அடித்தான், அவர் எடுக்கவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு, கீழே கிடந்த கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தான்.

"போங்கக்கா," என்றான்.

உஸ்மான் எந்தச் செக்போஸ்ட்டிலும் நிற்காமல் போய்ச் சேர்ந்தான். கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தினான் என்று திங்கட்கிழமை திம்மராயனை வேலையிலிருந்து தூக்கினார்கள்.

கேட் வழியாக ஜனாஸா போகும் போட்டோ அரசாங்கப் பதிலோடு ஜெனிவாவுக்குப் போனது. வினோதா மேடத்தின் ஆண்டறிக்கையிலும் அதே போட்டோதான், சர்வதேச முயற்சிக்குக் கிடைத்த வெற்றி என்று. பூட்டைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி இல்லை. இத்தா முடிந்ததும் பெங்களூர் ஓட்டலில் விழா வைத்து, சால்வை போர்த்தி, சுக்ராவை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவள் சால்வையை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"திம்மராயனுக்கு வேலையத் திருப்பி வாங்கித் தர்ற ஆபீசு எந்த நாட்டுல இருக்குதுங்க?" என்று கேட்டாள்.