பருத்தித் தண்ணியில் முளைத்த சுடுமல்லி

சோளத் தண்ணி விட வேண்டிய கண்ணாடித் தட்டில் பருத்தித் தண்ணியை விட்டுவிட்டேன். பண்ணை வேலையில் நான் செய்த பெரிய தப்பு அது.

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூர் பக்கம் ஒரு அரசு விவசாயப் பண்ணையில் தினக்கூலியாக இருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. என்னை நிரந்தரமாக்கச் சொல்லி அந்த மாதம்தான் மேலே எழுதியிருந்தார்கள்.

அப்போது சுற்றுவட்டாரச் சோளத்தைச் சுடுமல்லி என்ற களை கெடுத்துக்கொண்டிருந்தது. பூ அழகாக இருக்கும். மண்ணுக்குள் சோளத்தின் வேரைக் கவ்வி உறிஞ்சும். விதை மூக்குப்பொடி மாதிரி. வெறும் தண்ணீரில் முளைக்காது. அதை ஆராய வந்த ஆபீசர் அம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"அது வேரை மோப்பம் புடிக்குதுண்ணே" என்றார்.

சோள வேர் ஹார்மோன் ஒன்றை மண்ணில் கசியவிடுமாம். பக்கத்தில் வேர் இல்லாதபோது முளைத்த விதைகள் தலைமுறை தலைமுறையாகச் செத்துப்போக, அந்த வாடைக்குக் காத்திருந்தவை மட்டும் பிழைத்து வந்தனவாம்.

சோளம் வளர்க்கும் தொட்டியில் வடியும் தண்ணீரை, கண்ணாடித் தட்டில் பரப்பிய சுடுமல்லி விதை மேல் விட்டுப் பார்ப்பதுதான் சோதனை. வேறொரு வேலைக்கு வைத்த பருத்தித் தொட்டியின் வடிதண்ணீரும் அதே மாதிரி டப்பாவில் இருந்தது. மாற்றி எடுத்துவிட்டேன். டப்பாவைக் கழுவும்போது, சோளத் தொட்டிக்கடியில் இருந்த டப்பா நிறைந்தபடியே இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் நாள் விதை முளைத்தது. அம்மா சந்தோஷமாக ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார்.

களையெடுக்கும் பாப்பாத்தி அக்காவிடம் புலம்பினேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? அந்தப் பொண்ணு பொய்யை எழுதிப்புடும். போய்ச் சொல்லுப்பா."

போனேன். "அம்மா, அது சோளத் தண்ணி இல்லீங்க. பருத்திங்க."

பேனா நின்றது. வேலை போச்சு என்று நினைத்தேன்.

"பருத்திக்கும் முளைக்கும்னு புக்குல படிச்சிருக்கேன். நம்மூர்ப் பருத்தியில பாக்கணும்னு தோணல பாருங்கண்ணே" என்று சிரித்தார். பிறகு, "இதைச் சொல்ல மூணு நாளா?" என்று முறைத்தார்.

டப்பாக்களில் பெயர் எழுதி மறுபடி செய்தோம். இரண்டு தண்ணியிலும் முளைத்தது. ஆனால் பருத்தித் தொட்டியிலேயே விதையைப் போட்டுப் பார்த்தபோது, பருத்தி வேரை அதனால் கவ்வ முடியவில்லை. சில நாளில் பட்டினியில் செத்தது. ஒரு போகம் பருத்தி போட்டால் மண்ணில் கிடக்கும் விதை ஏமாந்து முளைத்துக் குறையும் என்று புரிந்தது. எனக்கு நிரந்தர ஆர்டரும் வந்தது.

அரும்பாவூர் விவசாயிகள் கூட்டத்தில் அம்மா என்னைப் பேசச் சொன்னார். நான்கு வரி பேசுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

"எப்புடிய்யா கண்டுபுடிச்சீங்க?" என்றார் ஒருவர்.

"டப்பா மாறிப்போச்சுங்க."

கூட்டமே சிரித்தது. முடிந்ததும் ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்து, காய் பிடித்த சுடுமல்லியை மாட்டுக்குப் போட்டு, அந்தச் சாணியையே வயலுக்கு அடித்து, விதையைத் தானே பரப்பிவிட்டதாகச் சொன்னார். அடுத்து இன்னொருவர் வந்தார். ஆபீசர்கள் கேட்டபோது வாயே திறக்காதவர்கள் அவர்கள். என் தப்பைச் சொன்ன பிறகுதான் என்னிடம் பேச ஆள் வந்தது.