தொட்டிலைத் தாண்டிப் போனவள்

என் எழுத்து கோணலாக இருக்கும், மறதியும் உண்டு; பொறுத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் என் மகள் யாரிடமும் பேசாமல், பால் கொடுக்கவும் மனமில்லாமல் சுவரைப் பார்த்தே கிடந்தாள். கவுன்சிலிங் கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தி வந்தாள். ஒல்லி, எண்ணெய் காணாத தலை. பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் குழந்தையைத்தான் தூக்குவார்கள். இவளோ தொட்டிலைத் தாண்டிப் போய் என் மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"புள்ளையப் பாக்க மாட்டீகளோ?"

"அதப் பாக்கத்தான் ஊரே வருதேம்மா. நான் இவங்களப் பாக்க வந்தேன். நீங்க செத்த அங்கிட்டு இருங்க."

என் வீட்டில் என்னையே வெளியே அனுப்பினாள்! வந்தபோதெல்லாம் இப்படித்தான். இன்றுவரை எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. உள்ளே என்ன பேசினாள் என்றும் தெரியாது. விவரம் தப்பாக இருந்தால் யாராவது என் மகளிடம் கேட்டுத் திருத்துங்கள். அவள் இப்போது பேசுகிறாள்.